மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது

புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், "இழு... விடு... மாப்பிள்ளை, நல்லா இழு"ன்னு. அதத்தானே கேக்கறீங்க? வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நீங்க தயங்கித் தயங்கிக் கூப்பிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குடி வந்த மொத ராத்திரி, இருட்டுனதுக்கப்புறம், பக்கத்துல இப்படி ஒரு சத்தம் கேட்டா யாருதான் என்னன்னு கேக்காம இருப்பாங்க. இருங்கக்கா, அங்கயிருந்து கத்த வேணாம், நானே வர்றேன்.

வந்துட்டேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் அடிதடி பண்ற ஆள் இல்ல. மாப்பிள்ளைங்கறது எங்க வீட்டு மருமகன் இல்ல, என் பொண்ணுக்கு இன்னும் பால்பல்லே ஆடல. மாப்பிள்ளைங்கறது குதிரை. அதோ, லாயத்துக்கு வெளிய நிக்குதே, செங்கல் நிறத்துல, தொப்பையத் தள்ளிக்கிட்டு... அதேதான். என் நாத்தனார் பிள்ளைங்களுக்குச் சவாரி கத்துக்குடுக்கறாங்கல்ல, அவங்க குதிரை. மத்ததெல்லாம் கடிவாளத்தக் கண்டதும் கெளம்பிடும். இதுக்கு மட்டும் தடவிக் குடுக்கணும், தாஜா பண்ணணும், ஆப்பிள் நீட்டணும். அதுக்கப்புறம், போனாப் போகுதுன்னு ஒரு கால எடுத்து வைக்கும். அவ்வளவு முறுக்கு. வேற என்ன பேரு வைக்கறது, சொல்லுங்க.

நீங்க பாட்டுக்குப் பெட்டியப் பிரிங்க, நான் உங்க வேலையக் கெடுக்கல. அது என்ன, கண்ணாடிச் சாமானா? அப்போ வாசப்படியில வச்சே பிரிங்க, உள்ள இடம் பத்தாது. கதவு மட்டும் ஜாக்கிரதை. இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழவே விழாது, சொல்லியிருக்க மாட்டாங்களே உங்ககிட்ட. ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டே இழுக்கணும். முந்தி குடியிருந்தவங்க, பாவம், கடைசி வரைக்கும் நாற்காலிய முட்டுக் குடுத்துத்தான் தூங்குனாங்க. எங்க விட்டேன்... ஆங், புஸ்ஸு.

அது இன்ஹேலர்க்கா. குதிரைக்கு ஆஸ்துமா.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

உண்மையில அந்தச் சத்தத்த மொதல்ல கேட்டு நடுங்குனது நான்தான். புஸ்ஸு இல்ல, அதுக்கு முந்தி ஒரு சத்தம் இருந்துச்சு. எங்க படுக்கை ரூமுக்கும் லாயத்துக்கும் நடுவுல ஒரே செவுரு. வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், பாதி நாள் ரோட்டுலதான் குடித்தனம். வீட்டுல நானும் என் பொண்ணு குட்டியும் மட்டும். குட்டிக்கு இழுப்பு இருக்குக்கா. கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்தே. அதனால எனக்குத் தூக்கம்னா அது தூக்கமே இல்ல. உடம்பு படுத்திருக்கும், காது மட்டும் எழுந்து அவ நெஞ்சுப் பக்கத்துல உக்காந்திருக்கும். ஒரு நாள் ராத்திரி, யாரோ ஓட்டைப் புல்லாங்குழல ஊதற மாதிரி இழுக்குது. விழுந்தடிச்சு எழுந்து குட்டி நெஞ்சுல காதை வச்சா, அவ பூனைக்குட்டி மாதிரி தூங்கறா. சத்தம் மட்டும் நிக்கல. சரி, பேய்தான்னு முடிவு பண்ணிட்டேன். பேய்க்கு எதுக்கு இழுப்பு வருதுன்னு யோசிக்கற நெலமையில நான் இல்ல. நான் படிச்ச கான்வென்ட்ல சிஸ்டர்ங்க கத்துக்குடுத்த ஜெபத்தையெல்லாம் வரிசை தப்பித் தப்பிச் சொல்லி விடிய வச்சேன்.

விடிஞ்சு போய்ப் பாத்தா, மாப்பிள்ளை. மூக்கு ரெண்டும் எக்காளம் மாதிரி விரிஞ்சு, வயித்த உந்தி உந்தி மூச்ச வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. முறுக்கெல்லாம் எங்க போச்சோ. கண்ணுல அப்படியொரு பயம். அந்தக் கண்ணு எனக்குத் தெரியும்க்கா. குட்டிகிட்டப் பாத்திருக்கேன்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க பட்டிமன்றம். குதிரையப் பாத்துக்கறாரே ஒருத்தர், அவர நாங்க குதிரைக்காரண்ணன்னு கூப்பிடுவோம், அவர் சொன்னாரு என் பவுடர் வாசனைதான் காரணம்னு. நான் சொன்னேன் அவர் சிகரெட்டுதான் காரணம்னு. அவர் அன்னையிலேர்ந்து சிகரெட்ட வேலிக்கு வெளிய போய்க் குடிச்சாரு, நான் பவுடர் போடறத விட்டேன். குதிரைக்கு ஒண்ணும் ஆகல, நாங்க ரெண்டு பேரும்தான் முகம் வாடிப்போய்த் திரிஞ்சோம். நாத்தனார் எங்க ரெண்டு பேரையும் ஏற எறங்கப் பாத்துட்டு, குதிரைங்களப் பாக்கற டாக்டரம்மாவக் கூப்பிட்டாங்க.

டாக்டரம்மா இத்தனூண்டு இருப்பாங்க. பூட்ஸ் மட்டும் பெருசு. பூட்ஸுக்குள்ளயிருந்து மொளச்ச மாதிரி வருவாங்க. வந்து என்ன பண்ணாங்க தெரியுமா, ஒரு பெரிய பிளாஸ்டிக் பைய எடுத்து மாப்பிள்ளை மூக்குல மாட்டுனாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. மூச்சு வாங்குற ஜீவனுக்கு யாராவது பைய மாட்டுவாங்களான்னு போய்க் கையப் பிடிச்சுட்டேன். கொஞ்ச நேரம் மாட்டி எடுத்தா ஆழமா மூச்சு இழுக்கும், அப்பத்தான் நெஞ்சுக்குள்ள என்ன சத்தம்னு தெளிவாக் கேக்கும்னு அவங்க பொறுமையா விளக்குனாங்க. என் கைய எடுத்துவிட்டுட்டுத்தான் விளக்குனாங்க. அப்புறம் கேட்டுட்டு, ஆஸ்துமான்னாங்க. ஸ்டீராய்டு குடுக்கணும்னாங்க.

ஸ்டீராய்டுன்னதும் என் நாத்தனார் முகம் போன போக்கப் பாக்கணுமே. இந்த உடம்பேத்தற பசங்க போட்டுக்கறதான்னு கேட்டாங்க. ஏற்கெனவே இருக்கற உடம்பு போதாதான்னு கேட்டாங்க. அது வேற, இது வேற, இது மூச்சுக்குழாய் உள்ளாற வீங்கியிருக்கே, அந்த வீக்கத்த வத்த வைக்கறது, போட்ட ஒடனே மந்திரம் மாதிரி நிக்காது, நாள் புடிக்கும், பொறுத்துக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பொறுத்துக்கறதுதானே நம்ம வேலை.

மொதல்ல மாத்திரை. பொடிச்சுத் தீனியில கலந்து வச்சா, மாப்பிள்ளை ஒதட்டாலயே தீனியச் சலிச்சுது. நம்ம வீட்டு மாவுச் சல்லடை தோத்துடும். தீனி காலி, பொடி மட்டும் தொட்டியோட அடியில வெள்ளையாக் கோலம் போட்ட மாதிரி. சரின்னு வாழைப்பழத்துல வச்சுக் குடுத்தேன். பழத்த ஆனந்தமா மென்னுது, முழுங்குச்சு, தலைய ஆட்டுச்சு. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் மெதுவாத் திரும்பி, குதிரைக்காரண்ணன் சட்டைப் பாக்கெட்ல மாத்திரையத் துப்புச்சு. குறி பாத்து. அவர் அன்னையிலேர்ந்து பாக்கெட் இல்லாத சட்டைதான் போடறாரு, வேணும்னா கவனிச்சுப் பாருங்க.

இப்படியே கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நாள் ஓட்டுனோம். ஆனா இது குண்டுக் குதிரையா, வாய் வழியா ஸ்டீராய்டு ரொம்ப நாள் போனா கால் குளம்புல கோளாறு வந்துடுமோன்னு டாக்டரம்மாவுக்குக் கவலை. உடம்பு பூரா சுத்தாம நேரா நெஞ்சுக்கே போற மாதிரி குடுப்போம்னு இன்ஹேலருக்கு மாத்துனாங்க. மூக்குல மாட்டறதுக்கு ஒரு கோப்பை, அதுக்கு ஒரு குழாய், குழாய் முனையில மருந்து டப்பா. குதிரைக்காரண்ணன் அதக் கையில வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு, இது என்ன, எருமப்பால் கறக்கற மிஷினான்னு கேட்டாரு.

எனக்கு மட்டும் பாத்த ஒடனே தெரிஞ்சுது. இதேதாங்க குட்டிக்கு நான் தெனம் போடறது. அவளோடது உள்ளங்கை அளவு, இது சாம்பார் வாளி... இல்ல, ஒரு பெரிய சொம்பு அளவு, அவ்வளவுதான் வித்தியாசம். நல்லாக் குலுக்கணும், முகத்துல இடைவெளி இல்லாமப் பொருத்தணும், மூச்சு உள்ள போற நேரம் பாத்து அழுத்தணும். எனக்கா தெரியாது? வாழ்க்கையில மொத தடவையா அந்த வீட்டுல எல்லாரும் என் வாயப் பாத்துக்கிட்டு நின்னாங்கக்கா. பரீட்சையில மொதல் மார்க் வாங்குன மாதிரி இருந்துச்சு.

ஆனா மாப்பிள்ளை சம்மதிக்கணுமே. கோப்பையக் கண்டாலே தலையத் தூக்கி உத்தரத்துல வச்சுக்கும். நான் முக்காலியில ஏறுனா அது இன்னும் ஒசத்தும். குட்டியும் அப்படித்தான், மாஸ்க்க எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்குவா. கீழயும் மேலயும் ரெண்டு பேரையும் தேடித் தேடியே என் இடுப்பு ஒடிஞ்சுது. ஒரு நாள் சாயங்காலம் ரெண்டையும் ஒரே நேரத்துல சமாளிக்க முடியாம, குட்டியத் தூக்கி லாயத்துல தீனித் தொட்டி மேல உக்கார வச்சுட்டு, போங்க, ரெண்டு பேரும் என்னமோ பண்ணுங்கன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். பெரிய மனுஷி என்ன பண்ணா தெரியுமா? தன்னோட மாஸ்க்கத் தானே எடுத்து முகத்துல வச்சுக்கிட்டு, மாப்பிள்ளையப் பாத்து, "வலிக்காது, பாரு"ன்னா. இழுத்தா, விட்டா. அந்தத் தடியன் தலைய எறக்கி, அவ மூஞ்சிக்கு நேரா கொண்டுவந்து, என்னமோ சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நிக்குது. நான் மெதுவாக் கோப்பையக் கொண்டு போய் மூக்குல பொருத்துனேன். புஸ்.

அதுதான் நேத்து நீங்க கேட்டது. தெனம் சாயங்காலம் இருட்டுனப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா. இழு, விடு. ஒருத்தி மருந்த இழுக்கலன்னா இன்னொருத்தன் இழுக்க மாட்டான். குட்டி அதுக்கப்புறம் கட்டிலுக்கு அடியில போனதே இல்லக்கா.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னு கேக்கறீங்க. அதான் இல்ல. பகல்ல நல்லாயிருக்கும். வெளிய நின்னு மேயும், வம்பு பண்ணும். மறுநாள் விடிஞ்சு பாத்தா பழைய குருடி கதவத் தொறடி. இழுப்பு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். டாக்டரம்மா மருந்து போலின்னேன். குதிரைக்காரண்ணன் ராத்திரி வந்து ஏதோ பண்றாருன்னேன். அவரு, அம்மா, எனக்கு ராத்திரி ஆனா என் வீட்டு வாசலே தெரியாதுன்னாரு. நாத்தனாருக்குப் பொறுமை போச்சு. கெட்டவங்க இல்ல, சேத்துச் சொல்லிடறேன். குட்டி இப்பக்கூட அவங்ககிட்டதான் இருக்கா, ஊஞ்சல் ஆடிக்கிட்டு. ஆனா அன்னைக்கு அலுப்புல சொல்லிட்டாங்க. மூச்சு வாங்குற ஜீவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, டாக்டர் அடுத்த தடவ வர்றப்பவும் இப்படியே இருந்தா எங்கயாவது பண்ணைக்கு அனுப்பிட வேண்டியதுதான்னு.

குட்டி பக்கத்துலதான் நின்னிருக்கா. நான் கவனிக்கல. மாஸ்க்கு கையில.

அன்னைக்குத் தூங்க வைக்கறப்போ கேட்டா. "அம்மா, எனக்கும்தான் மூச்சு வாங்குது. என்னையும் அனுப்பிடுவாங்களா?"

...

ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. நீங்க வெட்டுங்க, அந்த டேப்பு நல்லா ஒட்டியிருக்கு. கத்தரிக்கோல இப்படிப் பிடிச்சா வரும்.

அன்னைக்கு முடிவு பண்ணேன்க்கா. இந்தக் குதிரை எங்கயும் போகாது. போக விட்டா நான் குட்டிக்கு என்ன பதில் சொல்றது? அதுவரைக்கும் பாத்துக்கிட்டதெல்லாம் பத்தாது, இனிமே பெத்த பிள்ளையப் போலப் பாக்கணும்னு எறங்குனேன். சாயங்காலம் எல்லாரும் போனதும் லாயத்துல ஜன்னலெல்லாம் சாத்திடுவேன். கான்வென்ட் ஹாஸ்டல்ல சிஸ்டர்ங்க மணி அடிச்சதும் அதத்தான் செய்வாங்க, ராத்திரிக் காத்து நெஞ்சுக்கு ஆகாதுன்னு. சந்து பொந்துல சாக்கு அடைச்சேன். காஞ்ச வைக்கோல மொழங்கால் ஒசரத்துக்குப் பரப்பி மெத்தை போட்டேன். ராத்திரி பசிக்குமேன்னு காஞ்ச புல்லக் கட்டுக் கட்டா உதறி உதறி, எட்டிப் பிடிக்க வேணாம்னு மூக்குக்கு நேராத் தொங்க விட்டேன். அது உள்ள நிக்கறப்பவே மூலை முடுக்கெல்லாம் வெளக்குமாறு போட்டுக் கூட்டிச் சுத்தம் பண்ணுவேன். விடியறதுக்கு முந்தி எழுந்து எல்லாத்தையும் தொறந்து வச்சிடுவேன். பாத்துக்கறதுன்னா அப்படிப் பாத்துக்கணும்.

ஒரு நாள் டாக்டரம்மா சொல்லாம கொள்ளாம சாயங்காலத்துல வந்துட்டாங்க. கூட நாத்தனார், குதிரைக்காரண்ணன். நான் என்ன சொன்னேன், வாங்க வாங்க, எப்படி வச்சிருக்கேன் பாருங்கன்னு நானே போய் லாயத்துக் கதவத் தொறந்து விட்டேன். உள்ளயிருந்து ஒரு மேகம் வந்துச்சு. டாக்டரம்மா இருமுனாங்க. நாத்தனார் இருமுனாங்க. மேகம் அடங்குன பிறகு, நடுவுல மாப்பிள்ளை, கண்ணுல தண்ணி வடிய, மூக்குமுட்டப் புல்லோட.

"இது யாரு இப்படி மூடி வச்சது?"ன்னாங்க டாக்டரம்மா.

எல்லாரும் குதிரைக்காரண்ணனப் பாத்தாங்க. அவர் என்னைப் பாத்தாரு. நான் மாப்பிள்ளையப் பாத்தேன். அது என் மூஞ்சியிலயே தும்முச்சு.

வைக்கோல் தூசியும் புல்லுல இருக்கற பூஞ்சையும்தான் அதோட நெஞ்சுக்கு எமனாம்க்கா. மருந்து பகல்லெல்லாம் அணைக்குது, லாயத்துல முந்தியே இருந்த தூசி போதாதுன்னு நான் ராத்திரியெல்லாம் நெருப்பு வச்சிருக்கேன். என்ன ஸ்டீராய்டு ஊத்துனாலும் இந்தத் தூசியில நின்னா இழுப்பு நிக்காதுன்னு டாக்டரம்மா சொன்னப்போ, பூமி பொளந்து என்னைச் சாக்கோட சேத்து முழுங்கியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. குதிரைக்காரண்ணன் மறுநாள் ஒரு புது பவுடர் டப்பாவ வாங்கிட்டு வந்து என் கையில குடுத்துட்டுப் போனாரு. அதுக்கு நாலு வார்த்த திட்டியிருக்கலாம்.

அப்புறம் எல்லாம் தலைகீழ். புல்லத் தண்ணியில முக்கித்தான் வைக்கறோம். வைக்கோல் மெத்தை போய், தூசி தட்டுன மரச்சீவல் வந்துடுச்சு. ஜன்னல் கதவுங்களக் கழட்டியே வச்சாச்சு. லாயத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது, ராப்பகலா இஷ்டத்துக்கு வெளிய போகும், வரும். குழந்தை டாக்டர்கிட்டயும் போய்க் கேட்டேன், நம்ம ரூம் ஜன்னலத் தொறந்து வைக்கலாமான்னு. இத்தனை நாள் தொறக்கலையான்னு அவர் என்னத் திருப்பிக் கேட்டாரு. அந்தக் கதைய விடுங்க.

இன்னைக்குக் காலையில டாக்டரம்மா வந்து மறுபடி பைய மாட்டிக் கேட்டாங்க. நான் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். ரொம்ப நேரம் கேட்டாங்க. எனக்குத்தான் மூச்சு நின்னுடும் போல இருந்துச்சு. நெஞ்சு சுத்தமா இருக்குன்னாங்கக்கா. மருந்தப் பட்டுன்னு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம்னாங்க. நாத்தனார் மாப்பிள்ளை கழுத்தத் தடவிக்கிட்டே, சரி, இங்கயே கெடக்கட்டும்னாங்க. குட்டி கைதட்டுனா. அதான் காலையிலேர்ந்து எனக்குக் காலு தரையில நிக்கல, யாரக் கண்டாலும் பேசணும் போல இருக்கு, நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஆனா நாத்தனார் ஒரு கண்டிஷனும் போட்டிருக்காங்க. "இன்னொரு தடவ தூசி பட்டு இழுத்துச்சுன்னா வண்டி ஏத்திடுவேன், அப்போ என்கிட்ட வந்து நிக்காதே"ன்னு என்னைப் பாத்தே சொன்னாங்க. சொன்னாச் செய்வாங்க. அதனால நான் இப்பல்லாம் தூசின்னா...

அக்கா. திரும்பாதீங்க. பயப்படவும் வேணாம். உங்க கழுத்துக்குப் பின்னால சூடாக் காத்து படுதா? அது மாப்பிள்ளைதான். வேலிக் கதவச் சாத்தாம வந்துட்டேன் போல, நான் பேசுன மும்முரத்துல செவுத்தோரமா வந்திருக்கு. ஒண்ணும் பண்ணாது. அந்த மூச்சக் கேளுங்களேன்... ஒரு விசில் உண்டா? ஒரு இழுப்பு உண்டா? பட்டுத் துணிய உதறுன மாதிரி என்னமா வருது...

ஏன் பெட்டியையே மோப்பம் பிடிக்குது. அதுக்குள்ள என்ன வச்சுக் கட்டியிருக்கீங்க? பேப்பர்தானே?

வைக்கோலா?

காஞ்ச வைக்கோலா? இத்தனை நேரம் ஒரு வார்த்த சொல்லலையே நீங்க. சரி, சரி, நான்தான் சொல்ல விடல. மாப்பிள்ளை, வேணாம். மூக்க எடு. அக்கா, பெட்டியத் தூக்குங்க. தூக்கிட்டு உள்ள போங்க. கண்ணாடி போனாப் போகுது, போங்க, நான் கழுத்தப் பிடிச்சுக்கறேன்... டேய், நான் பிடிச்சாலும் போறியே, இந்த எடைக்கு நான் எங்கே... கதவச் சாத்துங்கக்கா. நல்லாச் சாத்துங்க, இவன் மூக்காலயே தள்ளித் தொறப்பான். தாழ்ப்பாளப் போடுங்க. வெளிய வரவே வேணாம், நான் ராத்திரி வந்து மிச்சத்தச் சொல்றேன். அந்தப் பக்கத்து ஜன்னல மட்டும் தொறந்து வைங்க, உள்ள தூசி நிக்கக் கூடாது, நான் பட்டது போதும்.

விழலையா? அப்படி இழுத்தா விழாது. ஒரு பக்கமாத் தூக்குங்க. தூக்கிக்கிட்டே... ஆங், இழுங்க. மாப்பிள்ளை, நீ சும்மா இரு, உனக்குச் சொல்லல. இழுங்கக்கா... விடாதீங்க... இன்னும் கொஞ்சம் இழுங்க...

ஆங். விழுந்துடுச்சு.